ஆசையைக் குறைக்க மாத்திரை இருக்கா?

அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுக்கு ஒரு மருந்துக் கடை. நானும் வீட்டுக்காரரும் இரண்டு பேருமே பார்மசி படித்தவர்கள். ஆம்பிளைகள் அவரிடம் பேசுவார்கள், பொம்பளைகள் என்னிடம். அதனால் ஒரே வீட்டுப் பிரச்சினையின் இரண்டு பக்கமும் பல நேரம் எங்கள் காதுக்கு வந்துவிடும், அந்த வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கு மட்டும் ஒருத்தர் மனசில் இருப்பது இன்னொருத்தருக்குத் தெரியாது. ஆள் அடையாளம் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

வாழை போட்டிருக்கிற ஒரு அண்ணாச்சி, அறுபதை ஒட்டிய வயது. கடை அடைக்கிற நேரம் பார்த்து வந்தார். முதலில் இருமல் மருந்து கேட்டார், அப்புறம் தைலம், கடைசியில்தான் என் வீட்டுக்காரரிடம் குரலை இறக்கி "வே, அந்த மாத்திரை" என்றார். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கி ஊரெல்லாம் பரவிய அதே வயாகரா வகை. டாக்டர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது. நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் இதையும் போட்டால் பிரஷர் ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து. அண்ணாச்சி கோபித்துக்கொண்டு போனார், ஆனால் டாக்டரைப் பார்த்துச் சீட்டோடு திரும்பி வந்தார்.

கொஞ்ச நாள் கழித்து அவர் சம்சாரம் என்னிடம் வந்தார். "யம்மா, அவுகளுக்கு அந்த ஆசையைக் கொறைக்கதுக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்கா? காப்பியில கலந்து குடுத்திருதேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்காவுக்கு வரவில்லை. தூரம் நின்று பல வருஷம் ஆகிறதாம். அதிலிருந்தே அந்த இடம் வறண்டு, சேரும்போது எரிச்சல், மறுநாள் மூத்திரம் போகிறபோதும் எரிகிறதாம். பேரனைத் தூங்கவைக்கிற சாக்கில் பட்டாசலுக்கு, அதாவது கூடத்துக்கு, படுக்கையை மாற்றியாயிற்று. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி என்று முருகன் புண்ணியத்தில் மாதத்தில் பாதி நாள் தப்பித்திருக்கிறார். மாத்திரை வந்தபிறகு அவருக்கு நேரம் கூடியிருக்கிறது, இவருக்கு வலி கூடியிருக்கிறது. வலிக்கிறது என்று மட்டும் சொல்லவே இல்லை. "இந்த வயசுல அத எப்படிச் சொல்ல?"

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைகிறது, உள்தோல் மெலிந்து ஈரம் வற்றுகிறது. உடம்பு குப்பென்று வேர்ப்பது பலருக்குச் சில வருஷத்தில் தானாக அடங்கும், இந்த வறட்சி அப்படி அடங்காது, விட்டால் கூடத்தான் செய்யும். தண்ணீர் கலந்த வழவழப்பு ஜெல் சீட்டு இல்லாமலே கிடைக்கும். அது போதாவிட்டால் உள்ளே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது, அது டாக்டர் பார்த்துத் தருவது, மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அக்காவைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் பெண்கள் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

அதன்பிறகு எப்படியோ வீட்டில் பேசியிருக்கிறார்கள். அண்ணாச்சி என் வீட்டுக்காரரிடம் வந்து, "வலிக்கின்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா வே, நான் என்ன கொலகாரனா? என்னையே பிடிக்கலன்னுல்லா நெனச்சேன்" என்று பொருமினாராம். இப்போதும் அவர் கேட்கிற அளவுக்கு அக்கா சம்மதிப்பதில்லை, அந்த வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் படுக்கை பட்டாசலிலிருந்து உள்ளே போய்விட்டது.

இடமும் ஒரு பிரச்சினைதான். நம்ம பக்கத்துப் பழைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும், இருக்கிற ஒரு அறையும் மகனுக்கும் மருமகளுக்கும், பெரியவர்கள் தார்சா என்கிற முன்கட்டில் ஆளுக்கொரு மூலை. சாரல் நேரத்தில் குற்றாலத்தில் ரூம் எடுக்கிற வயசான ஜோடியைப் பார்த்துக் கேலி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எப்போதும் ஆம்பிளைக்குத்தான் ஆசை அதிகம் என்றும் நினைக்க வேண்டாம். ரிட்டயர் ஆன ஒரு டீச்சர், வீட்டுக்காரர் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார், வேறு எங்கேயோ தொடர்பு இருக்குமோ என்று என்னிடம் கேட்டார். சாருக்குப் பல வருஷமாகச் சுகர். சுகர் ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுப்பதால் விறைப்பு வராமல் போவது சகஜம். முடியாமல் போய்விடுமே என்ற பயத்தில் கை பிடிப்பதைக்கூட அவர் விட்டிருக்கிறார். இதற்கிடையில் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிற ஒருவரிடம் பொடி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மூலிகை என்று விற்கிற சில பொடிகளில் அந்த இங்கிலீஷ் மருந்தையே சொல்லாமல் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நைட்ரேட் போடுகிற இதய நோயாளிக்கு அது விஷம்.

விறைப்புக் குறைவு சில பேருக்கு இதயக் குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கும், அங்கே ஓடும் குழாய் இன்னும் மெல்லியது என்பதால் அதில் முதலில் தெரிந்துவிடும். சாருக்கும் நெஞ்சைப் பரிசோதித்தபோது அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நைட்ரேட் சாப்பிடுகிறார், அதனால் அந்த மாத்திரை அவருக்கு ஆகாது. (பிரஷர், மனச்சோர்வு மருந்துகளில் சிலவும் ஆசையைக் குறைக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்று மருந்து உண்டா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.)

டீச்சரைப் போன மாதம் பார்த்தேன். "பக்கத்துல படுத்தாப் போதும்னு நெனச்சேன், சார் இப்ப படுக்காக. ஆனா அது மட்டும் போதல, என்ன செய்ய?" என்றார். விறைப்பு வரவைக்கப் பம்ப் மாதிரி ஒரு கருவி உண்டு, அதற்கு மாத்திரை தேவையில்லை, இரண்டு பேருமாகவே போய் டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சாரைக் கிளப்புவதுதான் பெரும்பாடு என்கிறார்.