ஸ்காட்லாந்தில் திறந்தவெளியில் கூடாரமிட்டுத் தங்க அனுமதி வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். மே மாதக் கடைசியில் நண்பர்கள் நால்வர் லண்டனிலிருந்து காரில் புறப்பட்டு, லோமண்ட் ஏரிக்கரையில் ஓர் இரவும், வடக்கே க்ளென்கோ மலைப்பள்ளத்தாக்குப் பக்கம் இரண்டு இரவுகளும் கூடாரமிட்டுத் தங்க எண்ணியுள்ளோம். ஸ்காட்லாந்தில் எங்கு வேண்டுமானாலும் கூடாரம் போடலாம் என்கிறார் ஒருவர். அபராதம் விழும் என்கிறார் இன்னொருவர். எது சரி? மழை வலுத்தால் காரில் படுத்துக்கொள்வதற்கும், விறகு மூட்டிச் சமைப்பதற்கும் தடை உண்டா?

மறுமொழி 1:
இருவர் சொல்வதும் சரிதான். 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பிறருடைய நிலத்திலும் பொறுப்புடன் நடக்கவும் தங்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. அந்தப் பொறுப்பு என்னவென்பதை அதற்கான நடத்தை விதித்தொகுப்பு விளக்குகிறது: சிறு குழுவாக, ஓரிடத்தில் இரண்டு அல்லது மூன்று இரவுகளுக்கு மேற்படாமல், வீடுகளுக்கும் சாலைகளுக்கும் விலகி, பயிரோ கால்நடையோ உள்ள வேலியிட்ட வயல்களைத் தவிர்த்துத் தங்க வேண்டும். நால்வர் சிறு குழுதான். க்ளென்கோவில் சாலையோரத்தை விட்டு மேலே நடந்து சென்றால் சிக்கல் இல்லை.

லோமண்ட் ஏரியின் கதை வேறு. அந்த ஏரி அமைந்துள்ள தேசியப் பூங்காவில், மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை, குறிப்பிட்ட கரைப்பகுதிகளில் முன்அனுமதி பெறாமல் கூடாரமிடுவது குற்றம். 500 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். பூங்காவின் பரப்பில் இப்பகுதிகள் சிறிதளவே என்றாலும், காரில் எளிதாகப் போய்ச்சேரக்கூடிய அழகான கரைகளில் பலவும் இவற்றில்தான் அடங்குகின்றன. நீங்கள் செல்வது மே மாதம் என்பதால், பூங்காவின் இணையதளத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள்.

காரைப் பொறுத்தவரை, சட்டம் தரும் உரிமை மோட்டார் வண்டிகளுக்கு இல்லை. அதில் உறங்குவது நில உரிமையாளரின் இசைவைப் பொறுத்தது.

மறுமொழி 2:
விறகு வேண்டாம், கேஸ் அடுப்பு கொண்டுசெல்லுங்கள். அங்கே பல இடங்களில் தரை என்பது மக்கிய தாவரங்களாலான கரிமண். மேலே அணைந்ததாகத் தோன்றும் நெருப்பு மண்ணுக்குள் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கக்கூடும். வறண்ட வாரங்களில் எங்குமே, கரிமண்ணிலும் காட்டிலும் எப்போதுமே நெருப்பு மூட்டக் கூடாது. மரத்தை வெட்டும் உரிமை எப்போதும் இல்லை.

சொல்லக் கூசினாலும் சொல்லியாக வேண்டியது ஒன்று: ஒரு சிறு மண்வாரியை எடுத்துச்செல்லுங்கள். மலம் கழிக்கும் இடம் ஓடை, ஏரி எதற்கும் குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குழி தோண்டி மூடுவதே முறை. மிட்ஜ் எனும் பொடிக்கொசுக்களுக்கு முகவலையும் தேவை. நான் அதை மறந்துபோய், ஒரு மாலை முழுவதும் கூடாரத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தேன்.

மறுமொழி 3:
போகும் வழியில் வட இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில் தங்கும் எண்ணம் இருந்தால், எல்லைக்குத் தெற்கே இந்தச் சட்டம் செல்லாது என்பதை நினைவில் வையுங்கள். அங்கே மலையுச்சிகளில் தாமதமாகக் கூடாரமிட்டு விடியலில் கிளம்புவோரைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். அது வழக்கமே தவிர உரிமையன்று. இங்கிலாந்தில், அதன் தென்மேற்கிலுள்ள டார்ட்மூர் தேசியப் பூங்காவின் பொதுமேய்ச்சல் நிலங்களில் மட்டும் அத்தகைய உரிமை உண்டு என்பதை, நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் உறுதிசெய்தது.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஏரிக்கரைக்கு இரண்டு கூடாரங்களுக்கும் முன்பதிவு செய்துவிட்டோம். விறகுத் திட்டத்தைக் கைவிட்டோம்.