வாப்பாவின் பழைய பென் செனட்டர் தூண்டில் ரீல்: உப்புப் பிடித்து இறுகிவிட்டது, கழற்றுவது எப்படி?

கீழக்கரைத் தூண்டில்:

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம்.

வாப்பா 1981இல் தம்மாமிலிருந்து வரும்போது கொண்டுவந்த ரீல் இது. பென் செனட்டர், 113எச். பக்கத் தட்டு இரண்டும் கருஞ்சிவப்பு பேக்கலைட் (அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்), வளையமும் நூல் சுற்றுகிற ஸ்பூலும் குரோம் பூசியது. அப்போது எங்கள் பக்கம் எல்லார் கையிலும் கைத்தூண்டில்தான். வாப்பா வள்ளத்தில் இதைத் தூக்கிக்கொண்டு ஏறினால், எந்தக் கிணற்று ராட்டினத்தைக் கழற்றி வந்தீர்கள் என்று கேலி செய்வார்களாம்.

பதினைந்து வருடமாகப் பரணில் ஒரு சாக்குக்குள் கிடந்தது. போன வாரம் எடுத்தேன். கைப்பிடி கால் சுற்று போய் நின்றுவிடுகிறது. டிராக்கை, அதாவது மீன் இழுத்தால் நூலை அளவோடு விடுகிற பிரேக்கை, இறுக்குகிற நட்சத்திரத் திருகு அசையவே இல்லை. வளையத்தின் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு, இரண்டு இடத்தில் குரோம் உப்பி உரிந்திருக்கிறது. ஸ்பூலில் பழைய தங்கூசி (நைலான் நூல்) மஞ்சளாகி அப்படியே இருக்கிறது.

சேதப்படுத்தாமல் கழற்றுவது எப்படி? அப்புறம், கார்பன் டிராக் தட்டு, எஃகு கியர், பின்னல் நூல் எல்லாம் போட்டு இந்தக் காலத்து ரீல் மாதிரி ஆக்கலாமா? குரோமும் மறுபடி பூசினால் நன்றாக இருக்குமா?

வாப்பாவுக்கு இப்போது 79 வயது. செய் என்றும் சொல்லவில்லை, தொடாதே என்றும் சொல்லவில்லை. "கிர்ருங்குமே, அது கேக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

---

சேதுக்கரை ரைடர்:

வினிகரில் ஒரு நாள் முழுக்க ஊறப் போடுங்கள் புரோ, களிம்பெல்லாம் போய்ப் பளபளக்கும். திருகு வரவில்லை என்றால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து, சுத்தியலால் லேசாகத் தட்டினால் வந்துவிடும்.

---

பாம்பன் பட்டறை:

தம்பி, சுத்தியலும் வேண்டாம், வினிகரும் வேண்டாம். மேலே சொன்ன தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, நானும் ஒரு ரீலை அப்படிக் கெடுத்தவன்தான். உரிந்த இடம் வழியாகப் புளிப்பு உள்ளே இறங்கிப் பித்தளையைத் தின்னும், பக்கத்தில் ஒழுங்காக ஒட்டியிருக்கிற குரோமையும் தூக்கிவிடும். எடுத்துப் பார்த்தால் சொறி பிடித்த மாதிரி இருக்கும்.

நான் முப்பது வருடமாகப் படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாளும் தலைக்கு மேல் வேலை இருக்கும். ரீல் வேலையெல்லாம் அதற்கப்புறம் ஆசைக்குச் செய்வது. இதுவரை ஏழெட்டு ரீல் பிரித்திருப்பேன், அதில் மூன்று செனட்டர்.

முதல் காரியம், எண்ணெய் விடாதீர்கள். எல்லாரும் செய்கிற தப்பு இது. உள்ளே கைப்பிடியை நிறுத்துவது பாதிக்கு மேல் உப்புதான், உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் விட்டால் உப்புக் கட்டிக்குப் போர்வை போர்த்தியதாக ஆகிவிடும், அப்புறம் தண்ணீரும் உள்ளே போகாது. பழைய தங்கூசியை வெட்டி எறிந்துவிட்டு, ரீலை முழுசாக வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் இரண்டு நாள் போடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், நம் ஊர் போரில் வருவதே பாதி உப்பு. காவிரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதில் ஒரு வாளி. நாலைந்து தடவை மாற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிடாதீர்கள், பேக்கலைட் பழசு.

நன்றாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய். திருகு மண்டைகளில் ஒவ்வொரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் திருப்புளி எடுக்கும்போது அவசரப்படக் கூடாது. வெட்டுக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும், இல்லையென்றால் முனையைத் தேய்த்து உட்கார வையுங்கள். நான் பார்த்த வரையில் உப்பு கெடுத்த திருகை விட, பொருந்தாத திருப்புளி கெடுத்த திருகுதான் அதிகம். வரவில்லை என்றால் சால்டரிங் அயர்ன் முனையைத் திருகு மண்டையில் மட்டும் ஒரு நிமிடம் வைத்து, ஆறவிட்டு முயலுங்கள். தீ காட்டாதீர்கள். அவிழ்க்கும் முன் மயிரிழை அளவு இறுக்கிப் பாருங்கள். ஒரு சின்ன "டிக்" கேட்டால் பிடி விட்டது என்று அர்த்தம், அதற்கப்புறம் அவிழ்த்தால் வந்துவிடும்.

கழற்றிய திருகெல்லாம் ஒன்று போலத் தெரியும், ஆனால் நீளம் வேறு வேறு. மாற்றிப் போட்டால் பேக்கலைட் விரியும். நான் இட்லித் தட்டு எடுத்துக்கொள்வேன், கழற்றிய வரிசைப்படி குழிக்கு ஒன்று. (வீட்டில் சொல்லிவிட்டு எடுங்கள். அந்தத் தட்டு திரும்ப அடுப்படிக்குப் போகவில்லை, அதற்கு நான் வாங்கியது தனிக் கதை.) கியர் இருக்கிற வலது தட்டைப் பிரிக்கும்போது சின்ன ஸ்பிரிங் துள்ளி ஓடும், ஈர்க்குச்சி கனம்தான் இருக்கும். பெரிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டுப் பிரியுங்கள், ஓடினாலும் பைக்குள்ளேயே கிடக்கும்.

இனி டிராக். பெரிய பல்சக்கரத்தின் வயிற்றுக்குள் உராய்வுத் தட்டு, உலோகத் தட்டு என்று மாறி மாறி அடுக்கியிருக்கும். எடுக்கும் முன் ஒரு போட்டோ. உங்கள் ரீலின் நட்சத்திரம் அசையாததற்குக் காரணம் அநேகமாக அந்த அடுக்கு ஒட்டிக்கொண்டதுதான். இறுக்கி வைத்தபடியே பரணில் போட்டிருப்பார்கள். பழைய உராய்வுத் தட்டைத் தேய்த்துச் சரி செய்யாதீர்கள். அந்தக் காலத்துச் சரக்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்புண்டு, தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இங்கே கார்பன் தட்டு கண்டிப்பாகப் போடுங்கள். முன்பு ஒரு தடவை இன்ஜின் கேஸ்கட் ஷீட்டை வட்டமாக வெட்டிப் போட்டுப் பார்த்தேன். மேசையில் வைத்து இழுத்தால் வெண்ணெய் மாதிரி வந்தது. வாடை தொடங்கிய நேரம், தென்கடல் அசையாமல் கிடந்தது, குந்துகாலிலிருந்து புறப்பட்டுப் போனோம். நல்ல பாரை ஒன்று கவ்வியது. முதல் ஓட்டம் சரி, இரண்டாவது ஓட்டம் சரி. மூன்றாவது ஓட்டத்தில் ஷீட் சூடேறி உலோகத்தோடு ஒட்டிக்கொண்டது. ஸ்பூல் நின்றது, தங்கூசி பட்டென்று தெறித்தது. கூட வந்தவர் அன்று கரை வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கார்பன் சூடு தாங்கும், சிக்காமல் விடும். டிராக்குக்கு என்றே விற்கிற கிரீஸ் கிடைத்தால் மெல்லிசாகத் தடவுங்கள், கிடைக்காவிட்டால் வெறுமனே போடுங்கள். பட்டறை கிரீஸை அங்கே வைக்காதீர்கள். அது பல்சக்கரப் பல்லுக்கும், திருகு மரைக்கும், பக்கத் தட்டின் உள்பக்கத்துக்கும்தான். அங்கெல்லாம் தாராளமாக அப்புங்கள்.

எஃகு கியர், பின்னல் நூல் கேட்டீர்கள். பின்னல் நூல் தங்கூசி மாதிரி நீளாது, மீன் உதறுகிற உதறல் அப்படியே ரீலுக்கு வரும். அந்த நூல் தாங்கும் என்ற தைரியத்தில் கார்பன் டிராக்கை இறுக்கினால் கியர் பல்லும், கைப்பிடி பின்னோடாமல் கவ்விப் பிடிக்கிற டாக்கும் (பெயரே நாய்தான்) அடி வாங்கும். எஃகு கியர் போட்டால் அடி அடுத்து சட்டத்துக்குப் போகும். பேக்கலைட் முறுக்குத் தாங்காமல் திருகு ஓட்டையிலிருந்து விரிசல் விடும். சரி என்று ஒரே வார்ப்பில் அலுமினியச் சட்டம் போட்டீர்கள் என்றால், வாப்பா ரீலில் மிச்சம் கைப்பிடி மட்டும்தான். என்னைக் கேட்டால் கார்பன் தட்டு, தேய்ந்திருந்தால் டாக் ஸ்பிரிங், பிறகு புது கிரீஸ். நூல் தங்கூசியே போதும்.

உதிரிக்குக் கவலைப்படாதீர்கள். 1932இல் பிலடெல்பியாவில் தொடங்கிய கம்பெனி, செனட்டர் 1936இல் வந்தது. அடிப்படை அமைப்பைப் பெரிதாக மாற்றாமலே வெகுகாலம் செய்தார்கள். ஆன்லைனில் 113எச் என்று எண்ணைச் சொல்லியே தேடலாம்.

குரோம் வேண்டாம். களிம்பை ஈரத் துணியாலும் பழைய பல் பிரஷ்ஷாலும் எடுத்துவிட்டு, மெழுகு பூசி விட்டுவிடுங்கள்.

---

மண்டபம் வடகடல்:

பட்டறை அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்றுதான். டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து அளக்காதீர்கள். மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசை நூல் நுனியில் கட்டி இழுங்கள். 20 கிலோ தாங்கும் தங்கூசி என்றால் 5, 6 கிலோவில் ஸ்பூல் வழுக்க ஆரம்பிக்க வேண்டும். நூல் ஓடி ஸ்பூல் மெலிய மெலிய இழுவை தானாகவே கூடும், அதனால் மீன் ஓடும்போது நட்சத்திரத்தில் கை வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தளர்த்தி வையுங்கள்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று தீவுப் பக்கம் போய்விடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவும் தேசியப் பூங்கா, ரீலோடு சேர்த்து வள்ளமும் போய்விடும்.

---

கீழக்கரைத் தூண்டில்:

பாம்பன் அண்ணே, பிரித்துவிட்டேன். தண்ணீரில் மூன்று நாள் போட்டேன். முதல் நாள் தண்ணீர் கழுநீர் மாதிரி வந்தது. மூன்றாம் நாள் காலையில் கைப்பிடி முழுச் சுற்று சுற்றியது, எண்ணெயே விடவில்லை. ஒரே ஒரு திருகு மண்டை போய்விட்டது (என் அவசரம்). ஸ்பிரிங் ஒன்று பைக்குள் துள்ளியது, பை இல்லையென்றால் இந்நேரம் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பேன். நீங்கள் சொன்னது போலவே டிராக் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வில்லையாக வந்தன. கார்பன் தட்டு வாங்கிப் போட்டு, தராசு வைத்து 6 கிலோவில் நிறுத்தியிருக்கிறேன்.

ஒரு குறைதான். இடது தட்டில் இருக்கிற கிளிக்கர் (நூல் ஓடும்போது கிர்ரென்று சத்தம் போடுவது) பொத்தானைத் தள்ளினால் சத்தமே வரவில்லை. நூலை இழுத்தால் ஏதோ உரசுகிற மாதிரி மட்டும் இருக்கிறது. வாப்பா கேட்டது அதைத்தான்.

---

பாம்பன் பட்டறை:

உள்ளே ஒரு நாக்கும், அதை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற வளைந்த ஸ்பிரிங்கும் இருக்கும். நாக்கு முனை மழுங்கியிருக்கிறதா பாருங்கள். மழுங்கவில்லை என்றால் ஸ்பிரிங் அகன்றுவிட்டது. குறடால் இரண்டு கையையும் மெதுவாக உள்ளே வளையுங்கள், அரிசி அகலம் போதும். அங்கே கிரீஸ் அப்பியிருந்தால் துடைத்துவிட்டு எண்ணெய் ஒரே சொட்டு விடுங்கள். தாராளமாக என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அங்கேயும் அப்பியிருப்பீர்கள்.

---

கீழக்கரைத் தூண்டில்:

அப்பித்தான் இருந்தேன் அண்ணே. துடைத்து, ஸ்பிரிங்கையும் வளைத்தேன்.

அஸருக்குப் பிறகு முற்றத்துத் தூணில் நூலைக் கட்டிவிட்டு, கம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். வாப்பா உள்ளேயிருந்து எழுந்துகூட வரவில்லை. "இறுக்கி வச்சிருக்கே, கொஞ்சம் விடு" என்று சத்தம் மட்டும் வந்தது.