பினாங்கில் ஹோலி செடி வளருமா?

வணக்கம் உறவுகளே. ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு வேலியோரம் ஹோலி செடி (holly, கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் வருமே, முள் இலையும் சிவப்புப் பழமும் உள்ள செடி) வைக்க அம்மாவுக்கு ரொம்ப ஆசை. ஐரோப்பிய ஹோலி குளிர்நாட்டுச் செடி, அதிலும் ஆண் செடி பக்கத்தில் இல்லாவிட்டால் பெண் செடியில் பழம் பிடிக்காது. அது இங்கே வேண்டாம் என்றே நினைக்கிறேன். சீன ஹோலி வெயிலைத் தாங்கும். அதில் ‘பர்ஃபோர்டு’ வகை ஆண் செடி இல்லாமலே காய்க்கும். இங்கே யாராவது வளர்க்கிறீர்களா? நம் வெக்கையில் பழம் பிடிக்கிறதா?

நர்சரியில் கேட்டால் சிங்கப்பூர் ஹோலியைத்தான் காட்டுகிறார்கள். அது வேறு குடும்பம், ஆனாலும் குட்டை வேலிக்கு அழகுதான். அப்புறம், எங்களுடையது களிமண், மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். மேடு கட்டி நடலாமா, தொட்டிதான் நல்லதா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.