ஈர்வாளா, குழி ரம்பமா?

வணக்கம்.

பெரிய மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுக்கும் கைவாளுக்குக் 'குழி ரம்பம்' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. மரத்தைக் குழியின் மேல் கிடத்தி, ஒருவர் மேலேயும் ஒருவர் குழிக்குள்ளேயும் நின்று அறுப்பதால் இந்தப் பெயர். எனக்கு மனம் ஒப்பவில்லை. குழி வெட்டாமல், உயரமான சட்டங்களின் மேல் மரத்தை ஏற்றி, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று அறுப்பதும் உண்டு. ஜப்பானில் 'மாயெபிகி' என்ற அகன்ற வாளைக் கொண்டு ஒரே ஆள் பலகை போட்டிருக்கிறார். அங்கே குழி ஏது?

இடத்தை விட்டுவிட்டுப் பல்லைப் பார்ப்போம். நீளவாக்கில் அறுக்கும் வாளின் பல் ஒவ்வொன்றும் ஒரு குட்டி உளி. நாரின் முனையைச் சீவிச் சீவித் தூளாகத் தள்ளும். குறுக்கே அறுக்கும் வாளின் பல் கத்தி முனை போன்றது; நாரைக் கீறித் துண்டாக்கும். உளிப் பல் வாளைக் குறுக்கே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நார் அறுபடாமல் பிய்ந்து, வெட்டிய ஓரமெல்லாம் சிலும்பு சிலும்பாக நின்றது. பெயர் இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டும்.

அதற்கு 'ஈர்வாள்' நம்மிடமே இருக்கிறது. வாளால் அறுப்பதுதான் ஈர்தல். 334ஆம் குறள் நாள் என்பதை 'உயிரீரும் வாள்' என்கிறது. அகராதிகளில் 'ஈர்வாள்' பொதுவாக ரம்பத்தையே குறிக்கிறது என்பது உண்மைதான். நாம் அதை நீளவாக்கு அறுப்புக்கு மட்டும் ஒதுக்கிக்கொள்ளலாம்.

ஈர்ப்பு என்றால் இழுப்பு என்று படித்தவர்கள் குழம்புவார்களே என்ற கேள்வி நியாயமானது. ஜப்பானிய வாள்கள் இழுக்கும்போதுதான் அறுக்கும். அவற்றுக்கு 'இழுவாள்' என்று தனியாக வைத்துவிட்டால் குழப்பம் தீரும். குறுக்கே அறுப்பதற்கு 'அறுவாள்' வேண்டவே வேண்டாம், காதில் அரிவாளாகத்தான் விழும். 'குறுக்குவாள்' போதும்.

அப்புறம், அதே முன்மொழிவில் அறுக்கும் இருவரை மேலாள், கீழாள் என்று எழுதியிருப்பதை மாற்றியே ஆக வேண்டும். மேலே நிற்பவர் நூல் தட்டிய கோட்டில் வாளை நடத்துகிறார். வாள் கீழே இறங்கும்போதுதான் மரத்தை அறுக்கிறது. அப்படி இழுத்து இறக்குபவர் கீழே நிற்பவர். கொட்டும் மரத்தூள் முழுவதும் அவர் தலையிலும் கண்ணிலும். அவ்வளவு பாடுபடுகிறவருக்குக் 'கீழாள்' என்ற இழிசொல்லா? கைப்பிடியை வைத்து மேற்பிடியாளர், கீழ்ப்பிடியாளர் என்போம். வாளை வெட்டிலிருந்து உருவ வேண்டுமானால் கீழ்ப்பிடியைக் கழற்ற வேண்டியிருக்கும், ஆகவே கைப்பிடிக்கும் ஒரு பெயர் தேவைதான்.

கடைசியாக, வாள் போன வழியில் உண்டாகும் இடைவெளி. வாள் சிக்காமலிருக்கப் பற்களை மாற்றி மாற்றி இருபுறமும் சாய்ப்பதால், இது தகட்டின் தடிப்பைவிட அகலமாக இருக்கும். 'வாள்தடம்' என்கிறேன். ஒரு கட்டையை 4 பலகையாக்கினால் 3 வாள்தடத்தின் அகலம் தூளாகப் போய்விடும். கணக்குப் போடும் தச்சருக்கு இந்தச் சொல் அன்றாடம் வேண்டும். பல் சாய்ப்பதற்குப் பட்டறையில் புழங்கும் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.