‘ஆச்சி வீடு’ குழு: கரடி, பஸ் டிக்கெட், முகமில்லாத பொம்மை

ஆறுமுகம் மாமா: [வீடியோ: பலமுறை பகிரப்பட்டது]

ஆறுமுகம் மாமா: ஜப்பானில் கரடி கடைக்குள் புகுந்துவிட்டதாம். நம்மவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள்?

பார்வதி அத்தை: மதினி போனை எடுக்கவில்லை

பார்வதி அத்தை: சங்கரு

பார்வதி அத்தை: மீனா

மீனா சித்தி: எல்லாரும் தகயாமாவில் பத்திரமாக இருக்கிறோம் மதினி. அக்கா வெந்நீர்க் குளியலுக்குப் போவதா வேண்டாமா என்று அரைமணி நேரமாக யோசிக்கிறார்கள். போன் அறையில் கிடக்கிறது.

முருகேசன் அத்தான்: கரடி குளிக்கிற இடமா?

செந்தில் நகோயா: மாமா, அந்த வீடியோ எந்த ஊரில் எடுத்தது என்றே தெரியவில்லை. இப்போது கம்ப்யூட்டரில் உருவாக்கிய கரடி வீடியோக்கள் ஏகப்பட்டது சுற்றுகின்றன. ஆனால் செய்தி பொய் இல்லை. 2025இல் மட்டும் கரடி தாக்கிப் பத்துப் பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் வடக்கே அகிதா, இவாதே பக்கம். அகிதாவுக்கு ராணுவத்தையே உதவிக்கு அனுப்பினார்கள். காட்டில் பீச், ஓக் மரங்களில் காய் இல்லாத வருஷம் கரடி கீழே இறங்கும். மலையோரக் கிராமங்களில் இளைஞர்கள் இல்லை, வயதானவர்கள் மட்டும். சீமைப் பனிச்சைப் (பெர்சிமன்) பழத்தைப் பறிக்க ஆள் இல்லாமல் மரத்திலேயே விட்டுவிடுகிறார்கள், அதைத் தின்ன வருகிறது. அம்மாவும் சித்தப்பாவும் இருப்பது நடுவில், கிஃபு மாநிலத்தில். நாளைக்குப் போகிற, பழைய கூரைவீடுகள் உள்ள மலைக்கிராமம் சிராகவாகோவில் 2025 அக்டோபரில் ஒரு வெளிநாட்டுப் பயணிக்குக் கரடியால் லேசான காயம் பட்டது உண்மைதான், ஆனால்

பார்வதி அத்தை: என்னது

ஆறுமுகம் மாமா: அப்போ போக வேண்டாம்

செந்தில் நகோயா: ஆனால் கூட்டம் நிறைந்த ஊர் அது. பகலில் தெருவிலேயே நடந்தால் பயம் குறைவு என்று சொல்ல வந்தேன். காட்டுப் பாதைப் பக்கம் போகாதீர்கள். ராத்திரி 9 மணிக்குள் சொல்லுங்கள், 4 டிக்கெட் போட வேண்டும்.

சங்கர் சித்தப்பா: போடு

மீனா சித்தி: பொறு

காவ்யா: [படம்] பெரியம்மா யுகாத்தாவில் (விடுதியில் தருகிற அங்கி)!!

முருகேசன் அத்தான்: அத்தை ஹீரோயின்

செந்தில் நகோயா: காவ்யா உடனே மாற்றிக் கட்டச் சொல். இடது பக்கத் துணி மேலே வர வேண்டும். வலது பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்துகிற முறை.

பார்வதி அத்தை: சிவ சிவா. படத்தை அழி

காவ்யா: மாற்றியாச்சு. விடுதிப் பாட்டி பார்த்து, ஓடி வந்து அவர்களே கட்டிவிட்டார்கள்

கோமதி பெரியம்மா: எனக்கு ஒன்றும் ஆகாது பார்வதி. இங்கே நல்ல குளிர்.

பார்வதி அத்தை: குளிக்கப் போனீர்களா மதினி

கோமதி பெரியம்மா: துணி இல்லாமல் நாலு பேர் முன்னால் நான் இறங்க மாட்டேன்

மீனா சித்தி: நான் போனேன். முதலில் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து சோப்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இடுப்புவலி பாதி போய்விட்டது.

செந்தில் நகோயா: அம்மா, அந்த விடுதியில் பூட்டிக்கொள்ளும் தனிக் குளியலறை இருக்கிறது. 40 நிமிஷத்துக்கு ஒருவர். முன்மேஜையில் கேட்டால் எழுதிக்கொள்வார்கள்.

சங்கர் சித்தப்பா: குளியலுக்கு ஆளுக்கு 150 யென் வரி போட்டிருக்கிறான். குளிக்காதவர்களுக்கும்

ஆறுமுகம் மாமா: தாமிரபரணியில் இலவசம்

கோமதி பெரியம்மா: தாமிரபரணியில் புடவையோடு குளிக்கலாம் அண்ணாச்சி

பார்வதி அத்தை: சாப்பாடு?

மீனா சித்தி: காலையில் உலர்ந்த பெரிய இலை ஒன்றில் மிசோ என்கிற சோயா விழுதை வைத்து, கரிச்சட்டியில் சுட வைத்து, சோற்றோடு கொடுத்தார்கள். நம் துவையல் மாதிரி காரசாரமாக இல்லை, ஆனால் இறங்குகிறது. சூப்பில் எல்லாம் மீன்தூள் வடித்த நீர் இருக்குமாம், செந்தில் சொன்னபடி நாங்கள் தொடவில்லை. அக்காவின் பருப்புப்பொடி இருக்கிறது.

செந்தில் நகோயா: கோயில் சமையல் கடை ஒன்றுக்கு நாளன்றைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே கடற்பாசி, காளான் வடித்த நீர்தான்.

சங்கர் சித்தப்பா: [படம்]

சங்கர் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பார்வதி அத்தை: என்ன படம் அது? அப்பளத்தின் மேல் சிவப்பாக

காவ்யா: ஒன்றுமில்லை அத்தை

முருகேசன் அத்தான்: தக்காளி அம்மா

செந்தில் நகோயா: அரிசி அப்பளம்தான் அத்தை. சான்மாச்சி பழைய தெருவில் விற்பார்கள். தட்டு தரமாட்டார்கள், அப்பளத்தையே தட்டாக வைத்து மேலே சோறும் ஹிதா மாட்டிறைச்சியும் வைத்துத் தருவார்கள். தட்டைக் குப்பையில் போட வேண்டாம் இல்லையா, அங்கே தெருவில் குப்பைத் தொட்டி அரிது, ரொம்ப நல்ல யோசனை

காவ்யா: அண்ணா

செந்தில் நகோயா: ஐயோ

பார்வதி அத்தை: சங்கரு

பார்வதி அத்தை: அப்பா இருந்தால்

சங்கர் சித்தப்பா: படம் எடுத்தேன். சாப்பிட்டேன் என்று யார் சொன்னது

மீனா சித்தி: 2 துண்டு

முருகேசன் அத்தான்: தக்காளி ரொம்ப மென்மையாக இருந்ததா மாமா

ஆறுமுகம் மாமா: சரி விடுங்கள். டிக்கெட் விஷயம் என்ன ஆச்சு?

செந்தில் நகோயா: காலை பஸ்ஸில் 50 நிமிஷம் சிராகவாகோ. 3 மணி நேரம் பார்த்துவிட்டு அங்கிருந்தே கனசாவா பஸ். பெரிய பெட்டிகளை விடுதியில் கொடுத்தால் கனசாவா ஓட்டலுக்குப் போய்விடும், வழக்கமாக மறுநாள் கிடைக்கும். அதனால் ஒரு ராத்திரிக்கு வேண்டியதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிறுத்தம் ஊருக்குள்ளேயே, தரை சமம், அம்மா மூட்டுக்குப் பிரச்சினை இல்லை. மேலிருந்து ஊரைப் பார்க்கிற இடத்துக்குச் சிறு வண்டி ஓடும். உள்ளே போய்ப் பார்க்கிற பழைய வதா வீட்டு மாடிப்படி மட்டும் செங்குத்து. அந்த மாடியில்தான் அந்தக் காலத்தில் பட்டுப்புழு வளர்த்தார்கள். பனி தங்காமல் சறுக்கிவிடுவதற்காகக் கூரை அவ்வளவு சாய்வு. கயிறும் வளைகிற இளங்கிளையும் கட்டியே நிற்க வைத்திருக்கிறார்கள். 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. முப்பது வருஷத்துக்கு ஒருமுறை கூரை மாற்ற வேண்டும், அப்போது ஊரே கூடும், நூறு இருநூறு பேர் ஏறி ஒரு பக்கத்தை ஓரிரு நாளில் வேய்ந்துவிடுவார்கள். இன்று உன் வீடு, நாளை என் வீடு, கணக்கு நோட்டுப் போட்டு வைப்பார்களாம்.

பார்வதி அத்தை: அம்பாசமுத்திரத்து வீட்டில் ஓடு மாற்ற நாலு பேர் வரவில்லை

சங்கர் சித்தப்பா: அக்கா, பணம் அனுப்பினேன்

பார்வதி அத்தை: பாதி

சங்கர் சித்தப்பா: பாதி என் பங்கு

ஆறுமுகம் மாமா: குழுவில் வேண்டாம்

கோமதி பெரியம்மா: மழைக்கு முன்னால் வந்து பேசிக்கொள்ளலாம் பார்வதி. என் பங்கைச் செந்தில் தருவான்.

செந்தில் நகோயா: அம்மா??

முருகேசன் அத்தான்: மாப்பிள்ளை கணக்கு நோட்டில் எழுதியாச்சு

மீனா சித்தி: பஸ்ஸைச் சொல்லுங்கள். இதே மாதிரி வீடுகள் இங்கேயே பக்கத்தில் இருப்பதாக விடுதியில் சொன்னார்களே?

செந்தில் நகோயா: ஹிதா நோ சாதோ. பல ஊர்களில் அழிய இருந்த முப்பதுக்கும் மேற்பட்ட பழைய வீடுகளைக் கொண்டுவந்து குளத்தைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் 10 நிமிஷம். கூட்டம் குறைவு. ஆனால் ஏற்ற இறக்கம் உண்டு, ஆள் குடியில்லை. சிராகவாகோவில் இன்னும் மனிதர்கள் வாழ்கிறார்கள், துணி காய்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் பார்க்க வேண்டியது.

கோமதி பெரியம்மா: கரடி இல்லாத ஊர் எது

செந்தில் நகோயா: நகோயா

காவ்யா: காலைச் சந்தையில் பொம்மை வாங்கினேன் [படம்]

பார்வதி அத்தை: முகமே இல்லையே! சிவப்பாக! வேண்டாம் வீட்டுக்கு

காவ்யா: சருபோபோ அத்தை. பாட்டிமார் பேத்திக்குத் தைத்துக் கொடுப்பது. நல்ல கல்யாணம் அமையவும் சுகப்பிரசவம் ஆகவும் வைத்துக்கொள்வார்களாம். முருகேசன் அத்தான் வீட்டுக்குத்தான் வாங்கினேன்

பார்வதி அத்தை: சுகப்பிரசவமா

பார்வதி அத்தை: சரி. சின்னதாக இன்னொன்றும் வாங்கு, பக்கத்து வீட்டுச் செல்விக்கு ஏழாம் மாதம்

செந்தில் நகோயா: மணி 8:50. சிராகவாகோ 4 பேர், சரிதானே?

சங்கர் சித்தப்பா: போடு

மீனா சித்தி: அக்கா குளிக்கப் போயிருக்கிறார்கள். தனி அறை கிடைத்தது

செந்தில் நகோயா: அம்மா வருகிறார்களா இல்லையா?

மீனா சித்தி: உள்ளே பூட்டியிருக்கிறது

செந்தில் நகோயா: 3 டிக்கெட் போடுகிறேன். நாலாவது இடம் இருந்தால் காலையில் பார்க்கலாம்

ஆறுமுகம் மாமா: மணி ஒன்று வாங்கிக் கையில் கட்டச் சொல். கரடி சத்தத்துக்குப் போய்விடும்

முருகேசன் அத்தான்: மாமா தக்காளி வாசனைக்கு வந்துவிடும்

பார்வதி அத்தை: சங்கரு நாளைக்கு என்ன கிழமை தெரியுமா