தாஜ்மஹாலுக்கும் முல்தானி மெட்டிதான்

ரேவதி: ஆக்ரா வந்தாச்சு! ஆனா ஒரு பக்கச் சுவர் முழுக்க சாரம் கட்டி ஏதோ சேறு பூசியிருக்காங்க 😩

சரசு பெரியம்மா: என்னடி சேறு?

ரேவதி: முல்தானி மெட்டின்னு கைடு சொல்றார் பெரியம்மா. சத்தியமா!

சரசு பெரியம்மா: 😂😂 என் கல்யாணத்துக்கு எனக்குப் பூசினதா?

முரளி மாமா: அதேதான் அக்கா. தொல்லியல் துறை 1994லேர்ந்தே பண்றாங்க. பூசி, காய விட்டு, கழுவி எடுத்தா கரியும் தூசியும் மண்ணோட வந்துடும்.

கார்த்தி: அப்புறம் என்ன மாமா, பிரச்சினை ஓவர் 👍

முரளி மாமா: அழுக்குதான்டா போகும். அமிலம் அரிச்ச கல்லு திரும்ப முளைக்குமா?

முரளி மாமா: மார்பிள்னா கால்சியம் கார்பனேட். நிலக்கரி, எண்ணெய்ப் புகையில வர்ற சல்ஃபர் டை ஆக்சைடு ஈரத்தோட சேர்ந்து கந்தக அமிலமாகும். அது பட்ட இடத்துல மார்பிளோட மேல்பரப்பு ஜிப்சமா மாறிடும். மழை பட்டா அது கரைஞ்சு போகும். மழை படாத மூலையில கரியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு கறுப்பா பொருக்கு கட்டும்.

கார்த்தி: நம்ம தஞ்சாவூர் பெரிய கோயில்?

முரளி மாமா: அது கருங்கல்லு, கார்பனேட் இல்ல. இந்த அமிலம் அதை அவ்வளவு சுலபமா அரிக்காது.

ரேவதி: பக்கத்துல மதுராவுல இருக்கிற எண்ணெய் ரிஃபைனரிதானே காரணம்?

முரளி மாமா: அது மட்டும் இல்லம்மா. ஆக்ராவுல இரும்பு வார்ப்படப் பட்டறை, ஃபிரோசாபாத்ல வளையல் சூளை, எல்லாம் கரியில ஓடினது. எம்.சி. மேத்தான்னு ஒரு வக்கீல் போட்ட கேஸ்ல 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு. 292 ஆலைங்க எரிவாயுவுக்கு மாறணும், இல்ல இடத்தைக் காலி பண்ணணும்.

சரசு பெரியம்மா: அங்க வேலை செஞ்சவங்க கதி?

முரளி மாமா: இடம் மாறுற ஆலைத் தொழிலாளிக்கு ஒரு வருஷச் சம்பளம் போனஸா குடுக்கணும்னு அதே தீர்ப்புல இருக்கு.

சரசு பெரியம்மா: இருக்கு சரி. குடுத்தாங்களாடா?

முரளி மாமா: அதை அந்தத் தொழிலாளிங்ககிட்டதான் கேக்கணும்.

ரேவதி: ஆனா மாமா, பூசாத பக்கம் இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு.

முரளி மாமா: அது வேற கணக்கு. கார்பன் துகளும் புழுதியும் படியுறதாலன்னு ஐஐடி கான்பூர்காரங்களும் சேர்ந்து ஆராய்ஞ்சு சொன்னாங்க. ஆலையை மட்டும் பிடிச்சா போதாது. குப்பை எரிக்கிறது, வரட்டி, வண்டிப் புகை எல்லாம் இருக்கே. இது பத்தாதுன்னு யமுனையிலேர்ந்து பூச்சி வந்து உக்காந்து பச்சைப் புள்ளி வேற 🤦

சரசு பெரியம்மா: ரேவதி, ஃபிரோசாபாத் வளையல் ரெண்டு டஜன் வாங்கிட்டு வா. கேஸ் அடுப்புல சுட்டதான்னு கேட்டு வாங்கு.