பக்கிள் போட்ட கண்ணில் ஆழ்அடுக்கு நாளங்கள் மங்கல்: நிஜமா, ஸ்கேன் பிழையா?

கேள்வி
மாக்குலாவும் (விழித்திரையின் நடுப்பகுதி) சேர்ந்து விழித்திரை பிரிந்திருந்த கண். சுற்றுப் பட்டை (பக்கிள், கண்ணைச் சுற்றி வெளியே போடுவது), விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுப்பது), விழித்திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க சி3எஃப்8 வாயு. 3 மாதம் ஆகிறது. வாயு கரைந்து, விழித்திரை ஒட்டியிருக்கிறது. ஓசிடி ஆஞ்சியோவில் (விழித்திரை ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) ஃபோவியா (மாக்குலாவின் மையம்) நடுவே நாளமில்லாப் பகுதி 0.30 ச.மி.மீ., மறுகண்ணில் 0.25. மேலடுக்கு நாள வலை பரவாயில்லை. ஆழ்அடுக்கு திட்டுத்திட்டாக விட்டுப்போயிருக்கிறது. பார்வை 6/18. நாள இழப்பு என்று ரிப்போர்ட் எழுதலாமா?

மறுமொழி 1
எண்ணுக்கு முன்னால் ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படத்தைப் பாருங்க சார். நீர்க்கட்டியோ, அடியில் மிச்ச நீரோ இருந்தால் மெஷின் அடுக்குகளைப் பிரிக்கும் கோட்டைத் தப்பாகப் போடும். ஆழ்அடுக்கில் "ஓட்டை" விழும். கோட்டைக் கையால் திருத்திவிட்டு மறுபடி அளக்கணும். விட்ரெக்டமிக்குப் பிறகு கண்புரை வேகமாக வளரும்; சிக்னல் குறைந்தால் நுண்நாளங்கள்தான் முதலில் மறையும். கண்ணின் நீளம் எவ்வளவு?

கேள்வி கேட்டவர்
கோடு சரியாகத்தான் இருக்கிறது, சிக்னலும் நன்று. நீளம் இப்போது 25.0 மி.மீ., மறுகண் 24.0.

மறுமொழி 2
அப்படியானால் வித்தியாசம் இன்னும் கூடுதல். பட்டை இறுக்கியதில் கண் நீண்டிருக்கிறது. பல மெஷின்கள் சுமார் 24 மி.மீ. என்றே வைத்துக் கணக்குப் போடும். இரண்டு நீளத்திலிருந்தும் 1.82 கழித்து (வழக்கமான திருத்தக் கணக்கு), 25-இன் எண்ணை 24-இன் எண்ணால் வகுத்தால் 23.18/22.18 = 1.045. பரப்புக்கு அதன் வர்க்கம், 1.09. ஆக 0.30 என்பது உண்மையில் சுமார் 0.33. ஆழ்அடுக்கு வலை விழித்திரையின் உள்கரு அடுக்கின் வெளியோரம் இருக்கிறது. விழித்திரை கோராய்டை (அதன் அடியிலுள்ள ரத்தநாளப் படலம்) விட்டு எழும்பியதும் வெளியடுக்குகளுக்கு ஆக்சிஜன் தட்டுப்படும். பக்கத்திலுள்ள இந்த வலையும் அடி வாங்கும். மாதக்கணக்கில் ஓரளவு தேறும், பலருக்கு முழுசாகத் தேறாது. "ஆழ்அடுக்கில் ஓட்டம் குறைவு" என்று எழுதுங்கள், "இழப்பு" வேண்டாம். ஓட்டம் மிக மெதுவாக இருந்தாலும் மெஷினுக்கு அந்த நாளம் தெரியாது. 6/18-க்கு எலிப்சாய்டு கோடு (ஓசிடியில் ஒளியுணர் செல்களைக் காட்டும் கோடு) அறுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பார்வையை அதிகம் தீர்மானிப்பது அதுதான்.

மறுமொழி 3
பட்டை இருப்பதால் ஒன்று. அதிகம் இறுகினால் சுழல் சிரைகள் (கோராய்டிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகள்) நெரிந்து கோராய்டு தடிக்கும், சிலசமயம் நீர் கோத்துப் பிரியவும் செய்யும். கண்ணின் முன்பகுதிக்கு ரத்தம் குறைந்தால் வலி, கார்னியா வீக்கம், முன்னறையில் செல்கள். இதெல்லாம் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே தெரியும். கண் பாப்பாவை விரிக்கும் முன் ஐரிஸ் ஓரத்தை ஸ்லிட் லாம்ப்பில் பெரிதாக்கிப் பாருங்க. புது நாளம் தெரிந்தால் கோனியோஸ்கோபி (முன்னறைக் கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பது), அப்புறம் ஓரத்தில் விழித்திரை மறுபடி பிரிந்திருக்கிறதா என்று தேடல். 6-ஆம் மாதம் அதே மெஷின், அதே 3×3 மி.மீ. ஸ்கேன்.